சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு கட்டைவிரல்

என் மனைவியின் கட்டைவிரலை நான் ஒழுங்காகப் பார்த்தது கல்யாணமாகிப் பதினோராவது வருஷத்தில். அதுவும் கேமரா வழியாகத்தான். எறும்பின் தாடையில் எத்தனை பல் என்று எண்ணியிருக்கிறேன். சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரை மணலை ஒரு சிட்டிகை எடுத்து, கறுப்பு, சிவப்பு, கண்ணாடி என்று நிறம் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தினமும் எனக்குச் சோறு போடுகிற விரலை மட்டும் பார்த்ததில்லை. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். விடிகிற நேரத்தில் சதுரங்கப்பட்டினத்தில் ஆரம்பித்து, மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஒரு தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அதற்கப்புறம் ஷிஃப்ட் முடிகிறவரை நானும் பஸ்ஸும் பார்க்கிங்கில் கிடப்போம். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், போனில் படம் பார்ப்பார்கள், சீட்டைச் சாய்த்துக் குறட்டை விடுவார்கள். எனக்குப் பகலில் தூக்கம் வராது. சீட்டாட்டமும் ஒத்துவராது. தோற்றால் எனக்குக் கோபம் வரும், ஜெயித்தால் நான் பேசுகிற பேச்சில் எதிரில் இருப்பவனுக்குக் கோபம் வரும். இப்படி ஒருத்தனோடும் ஒட்டாமல் பார்க்கிங் ஓரத்து முள்ளுச்செடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

செங்கல்பட்டில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஒருத்தர், புதுக் கேமரா வாங்கியபோது பழையதை என் தலையில் கட்டினார். பூச்சிகளைப் பெரிசாக எடுக்கிற லென்ஸ் என்ன விலை என்று கேட்டேன். அவர் சொன்ன விலைக்கு என் பஸ்ஸுக்குப் புது டயர் போட்டுவிடலாம். அப்புறம் போனில் தேடித் தேடி ஒரு வித்தையைக் கண்டுபிடித்தேன். சாதாரண லென்ஸைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினால் அதுவே பூதக்கண்ணாடி ஆகிவிடும். திருப்பி மாட்ட ஒரு அலுமினிய வளையம் வேண்டும், அது இரண்டு பிரியாணி விலை. லென்ஸ், சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. உள்ளே கொஞ்சம் பூஞ்சை இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாங்கிவிட்டேன்.

ஃபிளாஷ் வெளிச்சம் முகத்தில் அறைகிற மாதிரி விழும். அதற்கு, கம்பெனியில் பாகங்களைச் சுற்றி வருகிற வெள்ளை ஃபோம் ஷீட் குப்பையில் கிடக்கும், அதை வெட்டி ஃபிளாஷுக்கு முன்னால் கட்டிக்கொண்டேன். ஸ்டாண்டுக்குப் பதில் பழைய தலையணை உறையில் மணல். இதில் ஃபோகஸ் என்று எதையும் திருக முடியாது. நாம்தான் முன்னே பின்னே அசைய வேண்டும், அதுவும் அரிசி கனம்தான். மூச்சை விட்டால் படம் போச்சு. எறும்பு நடந்தால் படம் போச்சு. எத்தனை எறும்பைத் திட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

"அண்ணாத்த, குப்புறப் படுத்துகினு இன்னா தேடுற? வண்டி சாவி தொலஞ்சிப் போச்சா?" என்று ஒருத்தன் கேட்பான். "வுடு மச்சான், அவரு எறும்புக்கு ஆதார் கார்டு எடுக்குறாரு" என்று இன்னொருத்தன் சொல்வான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

என் மனைவி மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் மெருகு போடுகிறவள். உளி பிடித்து விக்கிரகம் செதுக்குகிறவர் ஒருத்தர். செதுக்கி முடித்த கருங்கல்லில் தண்ணீர் ஊற்றி, முதலில் தேய்ப்புக்கல், அப்புறம் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளில் சொரசொரப்பு, நைஸ், அதைவிட நைஸ் என்று நம்பர் நம்பராக மாற்றித் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்குகிறது பொம்பளைகள். அவளுடைய அப்பா அம்மா ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவளுக்கு வேலை நிழலில் கிடைத்ததே என்று அவர்களுக்குச் சந்தோஷம். நிழல்தான், ஆனால் பக்கத்திலேயே இரண்டு பேர் மெஷின் வைத்துக் கல்லை அறுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வெள்ளைத் தூசி அவள் தலையில், புருவத்தில், சாப்பாட்டு டப்பாவில், எல்லாவற்றிலும் இருக்கும்.

மூன்று வருஷமாக இருமல். முதலில் காலையில் மட்டும் இருந்தது, அப்புறம் சாயங்காலமும் சேர்ந்துகொண்டது, அப்புறம் மாடிப்படி ஏறினாலே வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மா கோபப்படவில்லை, பயமுறுத்தவில்லை. "இன்னும் பெருசா ஒண்ணும் ஆகலைம்மா. ஆனா இந்தத் தூசியில இன்னும் நாலஞ்சு வருஷம் உக்காந்தீங்கன்னா அப்புறம் நான் குடுக்கற எதுவும் கேக்காது" என்றார். அவ்வளவுதான். வெளியில் வந்து டீக்கடையில் நின்றோம். "கல்ல வுட்டா எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். டீக் கிளாஸை அவள் கையில் கொடுத்தேன்.

நான் ஆள் இறக்குகிற தொழிற்சாலையிலேயே வழி திறந்தது. அங்கே வண்டிகளுக்கான பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். பெயின்ட்டில் கீறல், புள்ளி, மேடு இருந்தால் பொறுக்கி எடுக்கப் பெண்களைச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மேஜைமேல் பத்துப் பாகம் பரப்பி வைத்து, எதெதில் குறை என்று கேட்டார்கள். மற்ற பெண்கள் டியூப்லைட்டுக்குக் கீழே தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். இவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் ஒரு தடவு தடவினாள். "இது, இது, இது. அப்புறம் இதுவும்" என்று நான்கை எடுத்து வைத்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்த ஆபீசர், "மூணுதான்மா" என்றார். "நாலு சார்" என்றாள். அவர் லென்ஸ் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். நாலுதான்.

வேலை கிடைத்துவிட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை, ஏசி ரூம், கையில் மெல்லிசான உறை, தூசி என்ற பேச்சே கிடையாது. அங்கே தூசிதான் முதல் எதிரி. அடுத்த மாசம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஒரே ஒரு வேலை பாக்கி, வருகைப் பதிவு மெஷினில் கைரேகை ஏற்ற வேண்டும்.

தொழிற்சாலைக்கு ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர் ஆபீஸில், ஆட்களைச் சேர்க்கிறவர் முன்னால் அந்தக் குட்டி மெஷின் இருந்தது. இவள் வலது கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள், சிவப்பு. இடது கட்டைவிரல், சிவப்பு. இரண்டு ஆள்காட்டி விரல்கள், அதுவும் சிவப்பு. பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது.

"ரேகையே இல்லையேம்மா" என்றார் அவர். "ரேகை ஏறலைன்னா சிஸ்டத்துல நீங்க ஆளே கிடையாது. வேலை செஞ்சாலும் சம்பளம் போட முடியாது."

"சார், வேற எதுனா வழி கீதா சார்?" என்று நான் கேட்டேன்.

"முப்பதாம் தேதி வரைக்கும் டைம் இருக்கு. விரலைச் சரிபண்ணிக்கிட்டு வாங்க. இல்லன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவோம், தப்பா எடுத்துக்காதீங்க டிரைவரண்ணே."

பதினேழு நாள் இருந்தது. எந்த விரலால் வேலை கிடைத்ததோ அதே விரலால் அது கையைவிட்டுப் போகப் போகிறது என்று நினைத்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அன்றைக்குப் பஸ்ஸைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் ஓட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விரலில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க, மத்தியானம் வாசல் வெளிச்சத்தில் அவளை உட்கார வைத்து, மணல் தலையணைமேல் கட்டைவிரலை வைக்கச் சொல்லி, கேமராவைப் பிடித்தேன். படம் எல்லாம் கலங்கலாக வந்தது. "ஆட்டாதமே" என்று கத்தினேன். "நான் எங்க ஆட்டுறேன்?" என்றாள். உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் ஆட்டவில்லை. நாடி அடிக்க அடிக்க விரல் தானாக ஏறி இறங்கியது. வெறும் கண்ணுக்குத் தெரியாத துடிப்பு, திருப்பிப்போட்ட லென்ஸில் அலை மாதிரித் தெரிந்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் அமுக்கப் பழகிக்கொண்டேன். அந்தப் பழக்கம் வருவதற்குள் எனக்குள் என்னமோ இளகிவிட்டது, மறுபடி கத்தவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு என்று ஒன்றும் இல்லை. அங்கங்கே மங்கலாக ஒரு நிழல், மற்றதெல்லாம் வழுவழு. தேய்ந்து போயிருக்கும் என்று தெரியும், ஆனால் இப்படியா?

"இன்னாமே இது, சுத்தமா ஒண்ணுமே இல்லையே?"

அவள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "ரேகை குடுக்கப் போறப்ப கை கறையா இருந்தா நல்லாவா இருக்கும்னு... முந்தின நாளு பட்டறையில ஆயிரம் நம்பர் பேப்பர் போட்டு நல்லாத் தேச்சிட்டுப் போனேன்" என்றாள்.

நான் அவளையே பார்த்தேன். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் போவார்கள். இவள் மெருகு போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். முதலில் கோபம்தான் வந்தது, பாதியிலேயே அது சிரிப்பாக மாறிவிட்டது. அவளும் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது. அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

விஷயம் பார்க்கிங் முழுக்கப் பரவிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எலுமிச்சம்பழம் தேய், வாஸ்லின் தடவு, விபூதி பூசிக்கொண்டு வை. எங்கள் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர்தான் உருப்படியாகச் சொன்னார். "தோலு தானே, முளைக்கும். கல்லையும் பேப்பரையும் தொடாம, கைய சும்மா வச்சிருந்தா ரெண்டு மூணு வாரத்துல கோடு திரும்பிடும்."

கையைச் சும்மா வைத்திருப்பது என்றால் என்ன என்று அந்த வாரம்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. பட்டறைக்குப் போவதை நிறுத்தினாள். பாத்திரம் தேய்க்கக் கூடாது, துணி கசக்கக் கூடாது, தரை துடைக்கக் கூடாது, மீன் செதில் சுரண்டக் கூடாது. எல்லாம் நான். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அவள் பக்கத்தில் சேர் போட்டு உட்கார்ந்து, "அடியில பாரு, கரி அப்டியே கீது. நீயெல்லாம் பட்டறைக்கு வந்திருந்தா ஒரு நாள்ல தொரத்தியிருப்பாங்க" என்பாள். மத்தி மீன் கழுவிய நாளன்று தெருவே வேடிக்கை பார்த்தது.

பட்டறை முதலாளி இரண்டு தடவை போன் செய்தார். ஒரு நந்தி முகம் வரைக்கும் முடிந்து நிற்கிறது, கண்ணுக்கு மெருகு போட இவள் கை வேண்டும், அரை நாள் வந்துவிட்டுப் போகச் சொன்னார். இவள் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொன்னால் போய்விடுவாள் என்று தெரியும். அவளே, "வேற யாராவது போடட்டும். அந்த நந்தி எங்க ஓடிடப் போவுது" என்று எழுந்து போனாள். அன்று முழுக்க அவள் விரல்கள் சேலைத் தலைப்பை நிரடிக்கொண்டே இருந்தன. அதையும் நிறுத்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தினமும் சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் ஒரு படம். அதே மணல் தலையணை, அதே வலது கட்டைவிரல். ஃபோம் ஷீட்டையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு, போன் டார்ச்சை விரலுக்குப் பக்கவாட்டில் தரையோடு தரையாக வைத்து எடுத்தேன். அப்படி எடுத்தால்தான் மேடு பள்ளம் நன்றாகத் தெரிகிறது என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன், அதில் எனக்குப் பெருமை வேறு. ஐந்தாம் நாள் மயிரிழை மாதிரி ஒரு கோடு. ஏழாம் நாள் நான்கைந்து. பத்தாம் நாள் கட்டைவிரல் முழுக்க, உழுது போட்ட நிலம் மாதிரி வரி வரியாக, நடுவில் சுழி வேறு. நான் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம். ஒரு பக்கம் பளீரென்று வெளிச்சம், ஒரு பக்கம் கறுப்பு நிழல், ஒவ்வொரு கோடும் தனித்தனியாக நின்றது. பார்க்கிங்கில் எல்லோரிடமும் காட்டினேன். "அண்ணாத்த, எறும்ப வுட்டுட்டு இதையே எடு, சூப்பரா கீது" என்றார்கள். பாத்திரம் தேய்ப்பதுகூட அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

இவள் மட்டும் பெரிசாக ஒன்றும் சொல்லவில்லை. கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தடவிப் பார்த்து, "எனக்கு இன்னும் வழவழன்னுதான் கீது" என்பாள். "உனக்கு இன்னா தெரியும், படத்தப் பாரு" என்பேன் நான்.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம், அதுவரை எடுத்த எல்லாப் படத்தையும் காட்டச் சொன்னாள். போனில் ஏற்றி வைத்திருந்ததை வரிசையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"டார்ச்ச எங்க வச்சி எடுத்த?"

"பக்கத்துல. தரையில சாய்ச்சி."

"எல்லாத்தையுமா?"

"ஆமாமே. அப்டி எடுத்தாத்தான் நல்லா வரும்."

போனை மடியில் வைத்தாள். "தப்பு பண்ணிட்டய்யா" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போட்டோவைப் பற்றி நீ எனக்குச் சொல்லாதே, ராத்திரி பகல் பார்க்காமல் படித்தது நான், பதினாறு நாள் பாத்திரம் தேய்த்தது நான் என்று ஆரம்பித்து, தேவையில்லாததெல்லாம் பேசினேன். அவள் போனை எடுத்து டார்ச்சைப் போட்டு, எங்கள் வீட்டுச் சிமெண்டுச் சுவருக்கு நேராகக் காட்டினாள். சுவர் மட்டமாக இருந்தது. அப்புறம் போனைச் சுவரோடு ஒட்டிவைத்து வெளிச்சத்தைச் சாய்த்தாள். அதே சுவர் கரடுமுரடாக, கொத்தனார் கரண்டி போன ஒவ்வொரு தடமும் நிழல் விழுந்து, குழியும் மேடுமாகத் தெரிந்தது.

"பட்டறையில பல்ப சாய்ச்சி வச்சித்தான் பாப்போம். கீறல் எங்க கீதுன்னு தேடுறதுக்கு. சாய்ச்சி அடிச்சா இல்லாத பள்ளம்கூட பெருசாத் தெரியும்யா. மெருகு ஏறிச்சா இல்லையான்னு பாக்க நேராத்தான் அடிக்கணும். அந்த மெஷினு நேராத்தான பாக்கும்?"

ஃபோம் ஷீட்டை மறுபடி கட்டி, ஃபிளாஷை நேராக வைத்து, அவள் நாடிக்கு நடுவில் அமுக்கினேன். படத்தைப் பார்த்தேன். அழகெல்லாம் போய்விட்டது. லேசாகக் கோடு இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டைவிரலின் நடுவில், மெஷினில் படுகிற இடத்தில், உரித்த முட்டை மாதிரி வெள்ளையாக இருந்தது. இதை வைத்தால் சிவப்புதான் எரியும் என்று எனக்கே தெரிந்தது.

மனசு விட்டுப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு நம்பிக்கை கொடுக்கிறேன் என்று எனக்கு நானே விளக்குப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பத்தாம் நாள் படம் மோசமாக வந்திருந்தால் அன்றைக்கே வேறு வழி யோசித்திருப்பேன். நன்றாக வந்ததுதான் கெடுதலாகிவிட்டது. மன்னித்துக்கொள் என்று சொன்னேனா என்று ஞாபகமில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

"எழுந்திரு, வெளிச்சம் போகுது. மத்த விரலயும் எடு" என்றாள்.

எடுத்தேன். வலது கையில் ஆள்காட்டி, நடு விரல், மோதிர விரல் மூன்றும் பேப்பரை அழுத்திப் பிடிக்கிற விரல்கள், வழுவழு. சுண்டு விரலில் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இருந்தது. இடது கைக் கட்டைவிரல் பரவாயில்லை, ஆனால் நடுவில் ஒரு வெட்டுத் தழும்பு. ஆள்காட்டி இல்லை. நடு விரல் இல்லை. ஒன்பதாவதாக இடது கை மோதிர விரலை வைத்தபோது அவள் கொஞ்சம் தயங்கினாள். அந்த விரல் கோணல். பட்டறையில் சேர்ந்த புதுசில், புரட்டும்போது ஒரு கல் அதன்மேல் விழுந்து, நகம் பாதி போய், அப்புறம் அது முழுசாக மடங்கவில்லை. விசேஷங்களில் போட்டோ எடுத்தால் அந்தக் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாள்.

நேர் வெளிச்சத்தில் அமுக்கினேன். திரையில் வந்ததை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் என் தோள்வழியாக எட்டிப் பார்த்தாள். ஓரத்திலிருந்து ஓரம் வரை கோடுகள், நெருக்கமாக, ஆழமாக, எங்கேயும் அறுபடாமல். நிழல் கிடையாது, ஜோடனை கிடையாது. படம் என்று பார்த்தால் சப்பென்று இருந்தது, ஆனால் ரேகை இருந்தது.

"மடங்காததால அத எப்பவும் தூக்கியே வச்சிக்குவேன். கல்லுல படவே படாது" என்றாள். தன் விரலை அவளே புதுசாகப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினாறு நாள் நான் ஒரே விரலை எடுத்துக்கொண்டிருந்தேன், நன்றாகப் படமாகிற விரலை. இந்த விரல் அவள் மடியிலேயேதான் இருந்தது.

மறுநாள் காண்ட்ராக்டர் ஆபீஸில் அதே ஆள், அதே மெஷின். வலது கட்டைவிரலை வைக்கச் சொன்னார். வைத்தாள், சிவப்பு. இவள் இடது கையை நீட்டியதும், "அதெல்லாம் வேணாம்மா, கட்டைவிரல்தான் போடுறது வழக்கம். டைம் இல்ல" என்று அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். நான் படத்தைப் போட்டுப் போனை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"சார், இது அவங்க விரல். நேத்து எடுத்தது. டிரிக் எதுவும் இல்ல சார், நேர் வெளிச்சம்."

அவர் வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். இவள் கையைப் பார்த்தார், அந்தக் கோணல் நகத்தைப் பார்த்தார். "இத எதுல எடுத்தீங்க?" என்றார். நான் சொல்ல ஆரம்பித்தேன், திருப்பிப்போட்ட லென்ஸ் என்று. "சரி சரி, வைக்கச் சொல்லுங்க" என்றார்.

வைத்தாள். பச்சை. எடுத்து மறுபடி வைக்கச் சொன்னது மெஷின், பச்சை. மூன்றாவது தடவையும் பச்சை. அவர் கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தட்டி ஒரு நம்பர் கொடுத்தார். இவள் அந்த நம்பரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, "தேங்க்ஸ் சார்" என்றாள். வெளியில் வந்ததும், "டீ வாங்கிக் குடுய்யா, ரெண்டு வடையும் சொல்லு" என்றாள்.

ஒன்றாம் தேதி காலையில் என் பஸ்ஸில் ஏறினாள். புருஷன் வண்டியென்று முன்சீட்டில் உட்காராமல் நாலாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தொழிற்சாலை வாசலில் எல்லோரும் இறங்கி மெஷினுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். நான் வண்டியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முறை வந்தது, விரலை வைத்தாள். சிவப்பு. நான் சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன். அவள் பதறவில்லை. விரலை மூக்கோரத்தில் ஒரு தேய் தேய்த்து, அந்த எண்ணெய்ப்பசையோடு மறுபடி வைத்தாள். பச்சை. திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். பஸ்ஸில் யாரும் இல்லை, அதனால் நான் நன்றாக அழுதேன்.

இப்போது நாலு மாசம் ஆகப்போகிறது. இருமல் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். குளிர்ந்த காலையில் வருகிறது, போகிறது. டாக்டரம்மா போன தடவை எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு, "இப்டியே இருங்க" என்றார். சாயங்காலம் திரும்பும்போது கண்ணாடியில் அவளைப் பார்ப்பதைவிட, இஞ்சின் சத்தத்துக்கு நடுவில் அவள் இருமுகிறாளா என்று காதை வைத்துக்கொண்டே ஓட்டுவது எனக்குப் பழகிவிட்டது. போன வாரம் திருக்கழுக்குன்றம் தாண்டி, மாமல்லபுரம் நெருங்கியபோதுதான் உறைத்தது, சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து அதுவரை ஒரு தடவைகூட இருமல் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, தலை ஜன்னலில் சாய்ந்து, அப்படி ஒரு தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமல்லபுரம் தாண்டி எங்கள் வீட்டு நிறுத்தம் வந்தது, அங்கே அவள் ஒருத்திதான் இறங்குவாள். நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை. சதுரங்கப்பட்டினம் வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போய், எல்லோரையும் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு, அவள் எழுந்திருக்கிறவரை இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.